சீட்டுக்கு அடியில்

வேன் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது, குடலைப் பிரட்டுது?"

மூத்தவள் எட்டி ஜன்னலைத் திறந்துவிட்டாள். நாளைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை ஊர் சுற்றிக் காட்டும் வேலை, பெண்ணின் அக்கா என்று அவள் தலையில் விழுந்திருந்தது. நேற்று கலங்கரை விளக்கமும் கடற்கரையும். இன்று கடைத்தெரு. நேற்றுக் கிளம்பும்போது சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சரியாப் பேசினதுகூட இல்ல. நீ கூடவே இருப்பேல்ல, மனுஷன் எப்படின்னு பாத்துச் சொல்லுக்கா. சரியில்லைன்னா இப்பவே சொல்லிடு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கைதான் சில்லென்றிருந்தது.

மதியம்வரை வெயிலில் நின்ற வேன். உள்ளே காற்று கெட்டியாகி நாக்கில் ஒட்டியது.

"மீன் ஏத்தினியாய்யா?" என்றார் அம்மா, டிரைவரிடம்.

"இல்லம்மா. ராத்திரிதான் கழுவினேன்."

"கழுவின லட்சணம்தான் மணக்குதே!"

வந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர், அவள் அப்பா வயதுக்காரர், குனிந்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் கைவிட்டுத் துழாவினார். அதற்குள் மாப்பிள்ளை கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தான். காலை நகர்த்தவில்லை.

"இங்க ஒண்ணுமில்ல. முன்னாடி பாருங்க."

மூத்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்று பாறையிடுக்கில் சங்குபோல் சுழித்த சின்னச் சிப்பிகளை அவன் பொறுக்கினான். உள்ள உசுரு இருக்கு, விட்டுடுங்க, செத்தா நாறிடும் என்றாள். "சரிங்கக்கா" என்று தண்ணீரில் கொட்டினான். எல்லாவற்றையும் கொட்டவில்லை போலிருக்கிறது. அவன் காலுக்குப் பின்னால், காலையில் அவன் கொண்டுவந்து வைத்த துணிப்பை. அடிப்பக்கம் பழுப்பாக நனைந்திருந்தது.

அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். கண்ணைச் சிமிட்டினான்.

"டிரைவர் அண்ணன் நேத்துச் சோத்தை எங்கயாவது வச்சு மறந்திருப்பாரு" என்றான் சத்தமாக. மறுபடி சிரிப்பு. டிரைவர் எதிர்க்கடையில் வாளி கேட்டு வாங்கி வந்து, மண்டிபோட்டுத் தரையைத் துடைத்தார். சுத்தமான தரை. மூத்தவள் வாயைத் திறந்தாள். மண்டபமும் அப்பாவின் முகமும் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டாள். நாற்றம் வாய்க்குள் தங்கிவிட்டது.

வீட்டு வாசலில் மற்றவர்கள் இறங்கிப் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, மாப்பிள்ளை பையை அவளிடம் நீட்டினான்.

"உங்க தங்கச்சிகிட்ட குடுத்துடுங்கக்கா. நானே பொறுக்கினது. பாவம் அந்தாளு, செமையா மாட்டினாருல்ல?"

பை கனக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மட்டும் இன்னும் மெதுவாக நகர்ந்தது. துணி வழியாக அது அவள் விரலைத் தொட்டது.

சின்னவள் ஈரத்தலையோடு படியிறங்கி ஓடி வந்தாள். "என்னக்கா, பாத்தியா? எப்படி?" கேட்டுக்கொண்டே பைக்குக் கையை நீட்டியவள், பாதியில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

மூத்தவள் பையைக் கொடுக்கவில்லை. பின்னால் ஒளிக்கவும் இல்லை. அதன் மூலையில் ஒரு சொட்டு திரண்டு, கல்யாணத்துக்காகக் கழுவிவிட்ட படியில் விழுந்தது.