புந்தோங் கஞ்சி

பீர் ஆலையில் இருபது வருடம் பார்லியை ஆராய்ந்த மெலிண்டா, இப்போது நீரிழிவுக்காரர்களுக்கு அதையே இரண்டு ஊர்களில் கஞ்சியாகக் கொடுத்துச் சோதித்தாள். கோப்பெங்கில் குடித்தவர்களுக்கு இரத்தச் சர்க்கரை இறங்கியது, புந்தோங்கில் ஏறியது. இத்தனை வருடம் நம்பிய தானியம் பொய் சொல்லிவிட்டதோ என்று பயந்து, புந்தோங்கில் கஞ்சி காய்ச்சித் தரும் மெஹர்பானுவின் சாப்பாட்டுக்கடைக்கே போனாள்.

மெஹர்பானு பானையில் கரண்டி கரண்டியாகச் சீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா! சீனி வேணாம்னு எழுதிக் கொடுத்தேனே?"

"கொடுத்தீங்கதான். கடைக்கு வந்தவங்களுக்கு சப்புன்னு எப்படிலா கொடுக்கிறது? சீக்காளிங்கன்னு ஒரு கரண்டி குறைச்சுதான் போட்டேன்."

மெலிண்டா நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பார்லி பொய் சொல்லவில்லை.

"நாளையிலிருந்து சப்புன்னே கொடுங்கக்கா. இன்னைக்கு எனக்கு ஒரு கிளாஸ், சீனியோட."