பரிமாறும் தட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பிஸ்கட் கம்பெனியின் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் மாமாதான், என் அக்காவின் கணவர். அங்கே பேக்கிங் பிரிவுக்கு அவர் மேலாளர்.

என் வேலை என்ன என்று கேட்டுவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. கம்பெனிகள் தங்கள் சரக்கைச் சுற்றி அனுப்பும் அட்டை, பிளாஸ்டிக், தாள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, எடை பார்த்து, இதில் எதெல்லாம் தேவையில்லை என்று திட்டம் எழுதிக் கொடுப்பேன். முன்பெல்லாம் என்னை ஒருவரும் சீந்த மாட்டார்கள். புதுச் சட்டம் வந்த பிறகு மேடம், மேடம் என்று வண்டி அனுப்புகிறார்கள். சரக்கை விற்கிறவர்தான் அதன் உறைக்கும் பொறுப்பு, அந்த உறையை வருஷா வருஷம் குறைத்தாக வேண்டும், எப்படிக் குறைப்போம் என்ற திட்டத்தில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கையெழுத்துக்குத்தான் இத்தனை மேடம். முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் குப்பைக்காரம்மா.

அந்தக் கம்பெனியின் பெரிய பெட்டியை முதன்முதலில் பிரித்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே கண்ணாடித் தாள், அதற்குள் அட்டைப் பெட்டி, அதற்குள் வெள்ளிக் காகித உறை, அதற்குள் குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு பிஸ்கட், ஊஞ்சலில் உட்கார வைத்த மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து கிடந்தது. தின்கிற சாமானைவிடத் தூக்கி எறிகிற சாமான் அதிகம். கம்பெனியின் மொத்த பிளாஸ்டிக்கில் பாதிக்குமேல் அந்தத் தட்டுதான்.

தட்டை எடுத்துவிடலாம் என்றேன். பிஸ்கட்டுகளை நெருக்கமாக இரண்டு வரிசையாக நிற்க வைத்து, நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகினால் போதும், பெட்டியும் சின்னதாகிவிடும். பிஸ்கட் நொறுங்கிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். மாமாவும் நானும் சோதனை அறையில் பெட்டிகளை மேஜை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தோம். மூலை அடிபடப் போட்டோம், தலைகீழாகப் போட்டோம், கடைசியில் மாமா கடுப்பில் ஒன்றைச் சுவரில் விட்டெறிந்தார். பிரித்துப் பார்த்தால், தட்டில் வைத்ததைவிடத் தட்டில்லாமல் வைத்ததுதான் குறைவாக உடைந்திருந்தது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"தட்டு போச்சுன்னா நானும் போக வேண்டியதுதாம்மா" என்றார்.

விஷயம் இதுதான். அந்தத் தட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியை, நாமே செய்துகொள்ளலாம் என்று சொல்லி மெஷின் வாங்க வைத்தவர் மாமா. இயக்குநர்கள் முன்னால் நின்று மல்லுக்கட்டி வாங்க வைத்தார். தட்டு வேண்டாம் என்றால் மெஷின் வேண்டாம். மெஷின் வேண்டாம் என்றால் அடுத்த கேள்வி யாரைப் பார்த்து வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் சோதனையில் ஒரு பெட்டியைக்கூட அவர் ஏமாற்றிப் போடவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு இருந்தது. "மெஷினை வேற எதுக்காவது திருப்பிக்கலாம் மாமா, நான் பேசறேன்" என்றேன். திட்டத்தை எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். ஏசி போட்டு விறைக்க வைத்த அறை. இயக்குநருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், சிரிப்பு மட்டும் இரண்டு பங்கு. மாமா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க திட்டம் பிரமாதம் மேடம். ஒரே ஒரு சின்னத் திருத்தம்."

திரையில் என் திட்டம் ஓடியது. நான் "உள்தட்டு" என்று எழுதிய இடத்தில் எல்லாம் "பரிமாறும் தட்டு" என்று மாறியிருந்தது. அதை உறைகளின் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டிருந்தார்கள்.

"இது உறையே இல்ல மேடம். பொருள். பிஸ்கட்டோட நாங்க சேர்த்துக் குடுக்கற பாத்திரம். பிரிச்சதும் தூக்கிப் போடறதுதான் உறை, வீட்டுல வெச்சுப் புழங்கறது பொருள்னு சட்டத்துலயே இருக்கே."

ஒரு துளி பிளாஸ்டிக் குறையவில்லை. மெஷின் நிற்கவில்லை. ஒரே ஒரு பெயர் மாற்றம், கம்பெனியின் பிளாஸ்டிக் உறை கணக்கில் பாதியாகிவிட்டது! காதில் பூச்சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

"அப்படியே குப்பைத்தொட்டிக்கும் அலமாரின்னு பேர் வெச்சிடுங்க சார். ஊரே சுத்தமாயிடும்" என்றேன்.

அவர் அதற்கும் சிரித்தார். "திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்து வேணும் மேடம். கட்டாயப்படுத்தல. வேணாம்னா உங்க பழைய திட்டத்தையே எடுத்துக்கறோம். தட்டு போயிடும், மெஷினும் போயிடும். அப்புறம் மெஷினைப் பாத்துக்கறதுக்கு மேலாளர் எதுக்குன்னு யோசிக்கணும்." சொல்லிவிட்டு மாமாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே அவர் கழுத்தில் கத்தியை வைத்து, அந்தக் கத்தியின் பிடியை என் கையில் கொடுக்கிறான். அதையும் பல்லைக் காட்டிக்கொண்டே கொடுக்கிறான். அந்த அறையில் நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "ஒரு கையெழுத்துதானேடி. என்னமோ உன் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி குதிக்கறே. பொண்ணு படிப்பு முடியறவரைக்கும் இவருக்கு வேலை இருக்கணும்." தட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று பேச்சிலேயே தெரிந்தது. ஏதோ சடங்குக் கையெழுத்து, நான்தான் வீம்பு பிடிக்கிறேன் என்று மாமா சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வா, நேரில் பேசிக்கொள்ளலாம் என்றாள்.

போனேன். சமையல் முடிந்து அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். "சாப்பாடு ஆறட்டும், அதுக்குள்ள டீ குடி" என்று சொல்லி, அலமாரியிலிருந்து அந்தக் கம்பெனிப் பெட்டி ஒன்றை எடுத்தாள். வாரா வாரம் மாமாவுக்கு இலவசமாகக் கொடுப்பது. கண்ணாடித் தாளைக் கிழித்தாள், பெட்டியைத் திறந்தாள், வெள்ளிக் காகிதத்தைப் பிரித்தாள், எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வைத்து, பிளாஸ்டிக்கை அதன்மேல் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாள். பிஸ்கட்டுகள் எவர்சில்வரில் விழுந்தன. பிளாஸ்டிக்கைக் கசக்கி, காலால் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே போட்டாள். எல்லாம் நொடியில்.

"அக்கா, இப்ப குப்பையில என்ன போட்டே?"

"எது? பிஸ்கட் கூடா?"

"அது கூடு இல்லக்கா. பரிமாறும் தட்டு. வீட்டுல வெச்சுப் புழங்கறதாம்."

"ஆரம்பிச்சுட்டியா?" என்று மாமா கூடத்திலிருந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். அக்காவுக்குப் புரிகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். என்னிடம் கேட்பது வெறும் கையெழுத்து இல்லை, இந்தக் குப்பையைப் பாத்திரம் என்று நான் சாட்சி சொல்ல வேண்டும், ஒரு ஊரே மூட்டை மூட்டையாக இதைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது இப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதித் தர வேண்டும். "பரிமாறும் தட்டாம்! எந்த வக்கீல் மண்டையில உதிச்சுதோ தெரியல, அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..."

"வக்கீல் இல்லடி" என்றாள் அக்கா மெதுவாக. "இவருதான்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரமா குளிக்கறப்பகூட இதே பேச்சு. விருந்துத் தட்டு, உபசாரத் தட்டு, பரிமாறும் தட்டு, எது நல்லா இருக்குன்னு என்கிட்ட கேட்டாரு. நான் ஏதோ புதுசா பாத்திரம் போடறாங்கன்னு நினைச்சேன். பரிமாறும் தட்டுதான் நல்லா இருக்குன்னு சொன்னதே நான்தான்."

"ஆமா, நான்தான் பேர் வெச்சேன்!" மாமா கத்தினார். "என்ன பண்ணச் சொல்றே? வாயை மூடிட்டு வெளிய போகச் சொல்றியா? இந்த வயசுல எவன் எனக்கு வேலை தருவான்? உனக்கு என்ன, கையெழுத்துப் போடலேன்னா வேற கம்பெனி. நான் எங்க போவேன்? ரெண்டு வார்த்தைம்மா. ரெண்டே ரெண்டு வார்த்தை மாத்தினேன். யார் தலையில இடி விழுந்துடுச்சு?"

"என்கிட்ட பொய் சொன்னீங்க" என்றாள் அக்கா. "தங்கச்சி வீம்பு பிடிக்கறான்னு சொன்னீங்க. அவளைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கறதுக்கு என்னை விட்டுப் பேச வெச்சீங்க."

"குடும்பத்துக்காகத்தானே..."

"குடும்பத்துக்காகவா?"

அக்கா கத்தவில்லை. அவள் கத்தாவிட்டால்தான் பயம். தொட்டியின் மூடியைத் திறந்து, கசங்கிய பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தாள். குழாயில் காட்டி, சோப்புப் போட்டு, நிதானமாகக் கழுவினாள். விரலால் நீவி நிமிர்த்தினாள். மேஜையில் மாமாவுக்குப் போட்டிருந்த தட்டை எடுத்துவிட்டு அங்கே இதை வைத்தாள். ஆவி பறக்கும் சோற்றை ஒரு கரண்டி போட்டு, அதன்மேல் பருப்பை ஊற்றினாள். சூடு பட்டதும் பிளாஸ்டிக் ஒரு பக்கமாக நெளிந்தது. பருப்பு குழியிலிருந்து குழிக்கு ஓடி, ஓரத்தில் வழிந்தது.

"தட்டுதானே?" என்றாள். "சாப்பிடுங்க."

எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது என்பதை மறைப்பானேன். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், இல்லையென்றால் அசடு வழிவார், அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். சாப்பிட ஆரம்பித்தார்.

குழிகளுக்குள் விரலை விட்டு விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தார். பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டே போனது, இடது கையால் பிடித்துக்கொண்டார். பருப்பு மேஜையிலிருந்து அவர் மடியில் சொட்டியது. துடைக்கவில்லை. சூடு நாக்கைப் பொசுக்கியிருக்கும், கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வாயில் சோற்றோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாத்தியா?" என்றார். "சாப்பிடலாம். தட்டுதான். போட்டுடும்மா கையெழுத்து."

என் குளுகுளுப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியைக்கூட ஏமாற்றிப் போடாத மனிதர். சுவரில் விட்டெறிந்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்த மனிதர். அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அந்த இயக்குநர் இந்நேரம் எங்கேயோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன்.

அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "போதும். விடுங்க."

"இரு, இன்னும் முடியல."

"விடுங்கன்னு சொல்றேன்ல!" பிளாஸ்டிக்கைப் பிடுங்கினாள். சோறு மேஜையெங்கும் சிதறியது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கோவத்துலதான்டி வெச்சேன். இவரு சாப்பிடுவாருன்னு நான் நினைக்கவே இல்ல."

பிறகு அக்கா தன் முந்தானையால் மாமாவின் மடியைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "நீ கையெழுத்துப் போடாதே. வர்றது வரட்டும்."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கையில் ஒட்டிய பருக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அங்கேயே நின்று இயக்குநருக்குப் போன் போட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்தார்.

"சார், தட்டு உறைதான். உறைன்னு இருக்கற திட்டத்துல மட்டும்தான் என் கையெழுத்து இருக்கும்."

"மேடம், அவசரப்படாதீங்க" என்றார், குரலில் அதே சிரிப்போடு. "உங்க மாமாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாத்தீங்களா?"

"அவரை நினைச்சுத்தான்டா சொல்றேன்" என்றேன்.