பெயர் ஒட்டாத டின்

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். பகல் ஒன்றரை மணிக்குச் சிதம்பரத்திலிருந்து காசிம் வந்து சேர்ந்தபோது, ஆவண அறையில் ஞானசேகரன் மட்டும் இருந்தான். முன்பக்க அறையில் மேனேஜர் ராமாமிர்தம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

காசிம் பொட்டலத்தை மேஜைமேல் போட்டான்.

"இந்தா மச்சான், கடைசி அறுவது. இதோட என்னை உட்டுடு. உங்க பசலி எல்லாமே பதிமூணுல ஆரம்பிக்குது. என் பிரஸ்ல ஒண்ணும் மூணும் தேஞ்சே போச்சு. இனிமே எவனாவது பதிமூணாந்தேதி கல்யாணம்னு பத்திரிகை அடிக்க வந்தா, தேதிய மாத்திக்கினு வாப்பான்னுதான் சொல்லணும்."

ஞானசேகரன் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தான். மேல் லேபிளில் கறுப்பு மை பளிச்சென்று இருந்தது. அன்னதானக் கட்டளை. ஊர்: புவனகிரி. பசலி: 1342 முதல் 1351. பெட்டி: 17.

கடலூரில் இருந்த அந்த ஆபீசுக்கு வேதவல்லியம்மாள் தருமம் என்று பெயர். பிள்ளையில்லாத ஓர் அம்மாள், தன் நிலங்களையெல்லாம் ஏழைகளுக்குச் சோறு போடுவதற்கென்று எழுதி வைத்துவிட்டுப் போய் எண்பது வருஷம் ஆகியிருந்தது. அதன் பழைய காகிதங்கள் சிதம்பரத்துச் சத்திரத்தின் பரணில் மழைக்கு நனைந்துகொண்டிருந்தன. 1966-இல்தான் யாருக்கோ அக்கறை வந்து, அவற்றைக் கடலூருக்குக் கொண்டுவந்து ஒழுங்கு பண்ணச் சொன்னார்கள். ஊர்வாரியாகப் பிரித்து, பசலி என்ற பழைய வரிக்கணக்கு ஆண்டுவாரியாக அடுக்கி, அட்டை உறைகளில் போட்டு, உறைகளைப் பெட்டிகளில் வைக்க வேண்டும். ஒவ்வோர் உறைமேலும் ஒவ்வொரு பெட்டிமேலும் லேபிள் ஒட்ட வேண்டும். மொத்தம் நாலாயிரத்துக்கு மேல்.

என்ன அச்சடிப்பது என்று எழுதித் தருவதும், புரூஃப் திருத்துவதும் ஞானசேகரன் வேலை. அச்சடிப்பது சிதம்பரம் மேலவீதியில் சின்ன அச்சகம் வைத்திருந்த காசிம். "அன்னதானக் கட்டளை" என்ற வரியை அச்சுக் கோத்தபடியே வைத்துக்கொண்டு, கீழே ஊரையும் பசலியையும் மட்டும் மாற்றி மாற்றி அடித்தான். ஞானசேகரன் வரிசைப்படுத்தித் தந்தபடி ஒட்டுவது இருசம்மாள்.

இருசம்மாளின் புருஷன் வேலை தேடி நெய்வேலிப் பக்கம் போனவன், போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகள். தினக்கூலியாக வந்தாள். ஆபீசில் ஒரு பெரிய டின் நிறைய மைதா இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, ஒரு சிட்டிகை நீல மயில்துத்தம் போட்டு ஸ்டவ்வில் காய்ச்சிப் பசை செய்வாள். துத்தம் போடாவிட்டால் கரப்பான் பசையையும் தின்னும், லேபிளையும் தின்னும். துத்தம் விஷம். அந்தப் புட்டியை ஞானசேகரன் தன் அலமாரியில் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டி வைத்திருந்தான். அவள் கேட்கும்போது அவனே எடுத்துத் தருவான்.

அரிசி கிடைக்காத வருஷம் அது. விடியற்காலையிலிருந்து ரேஷன் கடை வாசலில் நின்றவர்கள் வெறும் பையோடு திரும்பினார்கள். தருமத்தின் சத்திரத்திலேயே அடுப்பு அணைந்துவிட்டது. ஒருநாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இருசம்மாள் தன் விரலில் ஒட்டியிருந்த உலர்ந்த மாவை நக்கினாள். ஞானசேகரன் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலம் வீணாய்ப்போன லேபிள் தாள் ஒன்றில் இரண்டு கை மாவை மடித்து அவளிடம் நீட்டினான்.

"கொயந்தைங்களுக்குக் கூழு காச்சிக் குடு. யார்கிட்டயும் சொல்லாத."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தைப்பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போகிறவன் அவன். பசித்தவருக்குக் கொடுப்பதைவிடப் பெரிய பூஜை இல்லை என்று நம்புகிறவன். அந்த இரண்டு கை மாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது மனம் நிறைவாக இருக்கும். இன்று ஒட்ட லேபிள் இல்லாததால் அவள் பசை காய்ச்சவில்லை; ஒரு மணிக்கு அவள் கிளம்பும்போது வழக்கம்போல் மடித்துக் கொடுத்திருந்தான்.

"இந்த அறுவதும் வேற காகிதம் மச்சான்," என்றான் காசிம். "பழைய காகிதம் கெடைக்கல. பசை புடிக்குதான்னு ஒண்ணு ஒட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்."

ஞானசேகரன் டின்னைத் திறந்து ஒரு பிடி மாவைக் கிண்ணத்தில் போட்டான். காசிம் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கினான். ஸ்டவ்வை இன்னும் பற்ற வைக்கவில்லை.

"என்னா இது, நீலம் போட்டு வச்சிருக்கீங்க? மாவா, வேட்டிக்குப் போடற சொட்டு நீலமா?"

ஞானசேகரன் எட்டிப் பார்த்தான். கிண்ணத்தில் மாவுத் தண்ணீர் இளநீலமாக இருந்தது. அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சாவி இருந்தது. அலமாரியைத் திறந்தான். புட்டி வைத்த இடத்தில், வைத்த அளவில் இருந்தது.

டின்னிலிருந்து ஒரு பிடி மாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். உலர்ந்த மாவில் ஒன்றும் தெரியவில்லை. நுனி நாக்கில் வைத்தான். செப்புக் காசைக் கடித்த மாதிரி இருந்தது. துப்பினான்.

மேனேஜர் அறைக்குள் அனுமதி கேட்காமல் அவன் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

"மாவு டின்னுல என்னா சார் கலந்தீங்க?"

ராமாமிர்தம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "துத்தம். பசைக்குத் துத்தம் போடறதுதான? முன்னாடியே போட்டு வச்சிட்டேன். உமக்கு ஒரு வேலை மிச்சம்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். கடையில வாங்கி, நானே இடிச்சி, நானே கலந்தேன். ஆயிரம் லேபிளுக்கு எவ்வளவு மாவு ஆவும்னு எனக்குத் தெரியாதாய்யா? மூணு மாசமா ஜாஸ்தியா எறங்குது. எலி தின்னா டின்னுல ஓட்டை இருக்கணும். ஓட்டை இல்ல. அப்ப ரெண்டு கால் எலிதான."

"ஆளு செத்துட்டா?"

"அதெல்லாம் சாவ மாட்டா. ரெண்டு தடவ வாந்தி எடுப்பா. அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் டின்னுல கை வைக்க மாட்டா."

அந்த வாந்தியைக்கூட அவர் அளந்து வைத்திருந்தார். இருபது வருஷ உத்தியோகத்தில் ஞானசேகரனின் குரல் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் உரக்கக் கேட்டதில்லை. இப்போது தெருவுக்குக் கேட்டது.

"அவ திருடல! நான் குடுத்தேன்! தெனம் ரெண்டு கை மாவு நான்தான் குடுத்தேன். இன்னிக்கும் குடுத்தேன். அவ வீட்டுல ரெண்டு கொயந்தைங்க இருக்கு, தெரியுமா உங்களுக்கு? சோறு போடறதுக்குன்னு ஒரு அம்மா சொத்து எழுதி வச்ச எடத்துல ஒக்காந்துக்கினு, சோத்துல விஷம் வைக்கறீங்களே, நீங்க மனுஷனா?"

ராமாமிர்தத்தின் முகம் வெளுத்தது. ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை. "நீரா குடுத்தீர்? என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"கேட்டுப் பாத்தீரா?"

வாசலில் நின்றிருந்த காசிம் உள்ளே வந்தான்.

"சார், நாலாயிரம் லேபிள் அடிச்சிக் குடுத்திருக்கேன். செல்லரிச்ச காயிதத்துக்கெல்லாம் பேரு ஊரு பசலி எல்லாம் ஒட்டி வச்சிருக்கீங்க. விஷம் கலந்த டின்னுக்கு ஒரே ஒரு துண்டுக் காயிதத்துல விஷம்னு எழுதி ஒட்டணும்னு தோணலையா உங்களுக்கு?"

"ஒட்டினா திருடறவ படிச்சிடுவாளேய்யா!"

"அவளுக்குப் படிக்கத் தெரியாது," என்றான் ஞானசேகரன். காசிமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

வாசலில் ஒரே சைக்கிள், ஞானசேகரனுடையது. காசிம் மிதித்தான், ஞானசேகரன் பின்னால் உட்கார்ந்தான். கெடிலம் ஆற்றின் கரையோரம் இருந்தது இருசம்மாளின் குடிசை. வெயிலில் தார் இளகிக் கிடந்தது. வழியெல்லாம் ராமாமிர்தத்தை என்னென்னவோ செய்ய வேண்டும் என்று ஞானசேகரனுக்குத் தோன்றியது. பாதி வழியில் அந்தக் கோபம் திரும்பி அவன்மேலேயே பாய்ந்தது. அவர் கலந்ததை அவள் கையில் மடித்துக் கொடுத்தது யார்? மூன்று மாதத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், மேனேஜர் முன்னால் போய் நின்று, இவளுக்கு இரண்டு கை மாவு வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை? ஒரு சொல் ஏசுவார் என்ற பயம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஒளித்துக் கொடுத்தான். ஒளித்துக் கொடுத்ததால் அவள் திருடி ஆனாள். பூஜை என்று நினைத்துக்கொண்டிருந்தானே, அதை நினைத்து அவனுக்கு நாக்கு கசந்தது.

"வேகமா மிதி காசிம்."

"இதுக்கு மேல மிதிச்சா சங்கிலி அறுந்துடும். அல்லா இருக்கான். பேசாம வா."

குடிசை வாசலில் இருசம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் மண்சட்டி கவிழ்ந்து கிடந்தது. மண்ணில் கொட்டிய மாவு இளநீலமாக உறைந்திருந்தது. உள்ளே பாயில் சின்னக் குழந்தை படுத்திருந்தது. பெரியவள் செல்லாயி அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சிட்டாங்களா?" என்று கத்திக்கொண்டே ஞானசேகரன் இறங்கினான்.

"அங்கியே நில்லு!"

அவள் அவனை ஒருமையில் பேசியது அதுவே முதல் முறை. கையில் அடுப்பு ஊதும் குழல் இருந்தது.

"மூணு மாசமா பசை காச்சறேன்யா நான். துத்தத் தண்ணி என்னா நெறம்னு எனக்குத் தெரியாதா? கரைச்ச ஒடனே தெரிஞ்சிது. கொட்டறதுக்குள்ள சின்னது வெரல உட்டு நக்கிட்டா. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தா. மோரு குடுத்துப் படுக்க வச்சிருக்கேன்." அவள் குழலை அவன் பக்கம் நீட்டினாள். கண்ணில் நீர் இல்லை. "ஏன்யா? நான் கேட்டனா உங்கிட்ட? நீயாதான குடுத்த? யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தது இதுக்குத்தானா?"

"நான் கலக்கல இருசம்மா. மேனேஜரு..."

"பூட்டு உன்னுது. சாவி உன் இடுப்புல. கை உன்னுது. மேனேஜரு எங்க வந்தான் நடுவுல?"

காசிம் முன்னால் வந்தான். "தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. சண்டைய அப்புறம் போடலாம். கொயந்தையக் குடு, சைக்கிள்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிடறேன்."

"உங்க யார் கையிலயும் என் புள்ளையக் குடுக்க மாட்டேன்."

காசிம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் ஒரு கம்பவுண்டரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். அந்த அரை மணி நேரமும் ஞானசேகரன் வெயிலில் அதே இடத்தில் நின்றான். அவள் உட்காரச் சொல்லவில்லை. கம்பவுண்டர் குழந்தையின் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். நக்கியதெல்லாம் வெளியே வந்துவிட்டது, பயமில்லை, இன்றைக்கு மோரும் இளநீரும் மட்டும் கொடு என்று சொன்னார். அதைக் கேட்டதும் ஞானசேகரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். இருசம்மாள் அதைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, குமாஸ்தாக்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, ஞானசேகரன் மேனேஜர் அறை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"டின்னுல எறங்கின மாவ நான்தான் எடுத்து இருசம்மாளுக்குக் குடுத்தேன். அவ திருடல. நீங்க அதுல துத்தம் கலந்ததால அவ கொயந்தை வாந்தி எடுத்திச்சி. ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். என்மேல நடவடிக்கை எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா இதுவும் ஒரு உறையில போயி, ஒரு பெட்டியில இருக்கணும்."

ராமாமிர்தம் காகிதத்தை வாங்கினார். படித்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு, "கொயந்தை இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். ஞானசேகரன் திரும்பித் தன் மேஜைக்குப் போனான். அவரை மன்னிக்க அன்று அவனால் முடியவில்லை. அது தன் குறைதான் என்று அவனுக்குத் தெரிந்தும் முடியவில்லை.

பத்தே காலுக்கு இருசம்மாள் வந்தாள். வேறு வேலை எங்கே இருந்தது? டின்னைத் தொட மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஞானசேகரனே பசை காய்ச்சினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், கடைசி அறுபது லேபிள்களை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கலையும் நேரத்தில், அத்தனை பேர் கண்ணுக்கும் எதிரே, ஞானசேகரன் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான்.

"எங்க வீட்டுக் கேவுரு கூழு. கொயந்தைங்களுக்குக் கொண்டு போ."

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு முதல் தடவையாக அவனைப் பார்த்தாள்.

"நீங்க மொதல்ல துண்ணுங்க."

குமாஸ்தாக்களில் ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஞானசேகரன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மூடியில் கூழை ஊற்றிக் குடித்தான்.

"இன்னும் கொஞ்சம்."

குடித்தான்.

"அப்பிடியே குந்தியிருங்க," என்று சொல்லிவிட்டு அவள் லேபிள் ஒட்டத் தொடங்கினாள். பசை தடவுவாள், உறைமேல் வைப்பாள், உள்ளங்கையால் அழுத்துவாள், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி ஒன்று. மறுபடி ஒரு பார்வை. ஞானசேகரன் எழுந்திருக்கவில்லை. அவள் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பாமல் காட்டினான்.

பதினெட்டாவது லேபிளை ஒட்டி அழுத்திய பிறகுதான் அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, தூக்குப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள்.