வாயால் வந்த அம்மை

கீர்த்தனாவுக்கு அம்மை போட்டு அன்றோடு நாலு நாள். உடம்பில் ஒரு கொப்புளம் கிடையாது. வந்ததெல்லாம் வாயில்தான் வந்தது.

மதுரை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் அவளுக்கு வேலை. அவள் வேலை பார்த்த விமானக் கம்பெனியின் விமானங்களில் பாதி பழுதாகி நின்றன, மீதி இஷ்டப்பட்டால் பறந்தன. எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ரத்து செய்கிறவர்கள் வேறு, அதைப் பயணிகளிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் வேறு. ஒருத்தர் தண்ணீர்ப் பாட்டிலை அவள் மேல் வீசினார். அதைக்கூடத் துடைத்துப் போட்டுவிட்டாள். அப்பாவின் சாவுக்குப் போய்ச்சேர முடியாமல் ஒருத்தர் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து அழுதாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தராக லீவு போட ஆரம்பித்தார்கள். ஒருத்திக்கு முதுகுவலி. ஒருத்தனுக்குத் தாத்தா மூன்றாவது முறையாக இறந்தார். கீர்த்தனா ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்த வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, மறுநாள் போனில், "அம்மை போட்ருக்கு சார்" என்றாள். அம்மை என்றால் பதினாலு நாள், ஒரு பயல் பார்க்க வரமாட்டான். கெட்டிக்காரிதான்.

அவள் போனை வைப்பதற்குள் அம்மா ஒச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டி, ஆத்தா பேரச் சொல்லியா லீவு கேப்ப?"

"சும்மா சொன்னேம்மா."

"நீ சும்மா கூப்ட்டேன்னு அவளுக்குத் தெரியுமா? போ, பாயில படு."

ஒச்சம்மாள் விளையாடவில்லை. வாசலில் வேப்பிலை ஏறியது. வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீரும் கம்பங்கூழும்தான் சாப்பாடு. தலை சீவக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது. கீர்த்தனா அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து பாதத்தைத் தேய்த்தாள். தலை அரித்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய அரிப்பு அந்தப் போன். வினோலியா விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே கவுண்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை. வினோலியாவுக்கு இப்போது அஞ்சு மாசம். வேலைக்குப் போன கடைசி நாளன்று கீர்த்தனாதான் புளிசாதத்தைப் பிசைந்து அவளுக்கு ஒரு வாய் ஊட்டினாள். ஊட்டிவிட்டு, மறுநாள் அவளைத் தனியாக மாட்டவிட்டு வந்துவிட்டாள். எந்த முகத்தோடு போனை எடுப்பது? நாலாம் நாள் விடிந்ததிலிருந்து மட்டும் பதினெட்டு அழைப்பு.

பதினோரு மணிக்கு வாசலில் பைக் நின்றது. கீர்த்தனா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஷிப்ட் மேனேஜர் ஆண்டனிராஜ். சோதனை போட வந்துவிட்டார்கள். பொய் லீவு என்று போன வாரம்தான் இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அங்கனயே நில்லுங்க தம்பி. வேப்பிலை கட்டிருக்கு" என்றாள் ஒச்சம்மாள். அது பொய்யில்லை.

"நான் செக் பண்ண வரலம்மா" என்றார் அவர். "வினோலியா காலையில இருந்து ஆஸ்பத்திரில அழுதுக்கிட்டு உக்காந்திருக்கு. சின்னதுல அதுக்கு அம்மை போட்டதே இல்லையாம். இப்ப ஒட்டியிருந்தா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ரத்தம் எடுத்திருக்காங்க, ஊசி போடணுமாம். கீர்த்தனாக்கு வந்தது அம்மைதானான்னு கேக்குறாங்க. போனை எடுக்க மாட்டேங்குது. அதான் மதுரையில இருந்து வண்டியிலயே வாரேன்."

ஒச்சம்மாள் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

கீர்த்தனா பரட்டைத் தலையோடு வேப்பிலைக்குக் கீழே குனிந்து வெயிலுக்கு வந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஒண்ணுமே இல்ல சார். பொய் சொன்னேன்."

அவர் திட்டவில்லை. வீடியோ கால் போட்டுப் போனை அவள் கையில் கொடுத்தார். அழுது வீங்கிய முகத்தோடு வினோலியா வந்தாள். கீர்த்தனா போனைக் கன்னத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் மாறி மாறிக் காட்டினாள்.

"பாருடி, ஒரு பொட்டுகூட இல்ல. எனக்கு அம்மையே போடல. லீவுக்குச் சொன்னேன்டி."

வினோலியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான்டி பிள்ளைக்காக அடிச்சேன்" என்றாள். "மூணு நாளா நீ சாப்டியான்னு கேக்கத்தான் அடிச்சேன். மாதா கோயில்ல உனக்கு மெழுகுவத்தி ஏத்துனேன்."

போன் அணைந்தது. கீர்த்தனா அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். கேவலமாக இருந்தது அவளுக்கு, தன்னை நினைக்கவே.

"என் வேலை போச்சுல்ல சார்?"

"உம்மேல ரிப்போர்ட் யாரு எழுதுறது? நானே இன்னைக்கு வயித்தால போகுதுன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அப்ப கவுண்டர்ல?"

"இன்னைக்கு ஒருத்தருமில்ல. நாளைக்கு வினோலியா வருது. எத்தன பேரு கத்துனாலும் நான் நிக்கிறேன் சார்னு நேத்தே சொல்லுச்சு."

கீர்த்தனா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, வெந்நி வை. தலைக்கு ஊத்திட்டு மதுரைக்குப் போறேன்."

"மூணு தண்ணி ஊத்தாம வாசலத் தாண்டக்கூடாதுடி."

"தாண்டிட்டேன்லம்மா."

ஒச்சம்மாள் வேப்பிலையைப் பார்த்தாள், வெயிலில் நின்ற மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனாள்.