துளை விழுந்த அத்தி

என் அக்காவின் நாக்குக்கு விலை மாதம் எழுபதாயிரம். விலை வைத்தவர் எதிர்வரிசைத் துணிக்கடை முதலாளி. துணி போதாதென்று உலர்பழத்திலும் இறங்கியிருந்தார். அத்திக்கும் பேரீச்சைக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டதே போன மாதம்தான்.

எங்கள் உலர்பழக் கடையில் கொள்முதல் முழுக்க அக்காவின் நாக்குதான். மூட்டையைப் பிரித்து ஓர் அத்தியைக் கடித்தால் போதும். எந்த நாடு, போன வருஷச் சரக்கா, ஈரம் ஏற்றி எடை கூட்டியதா, எல்லாம் சொல்லிவிடுவாள். அந்த நாக்குக்கு நான் ஐந்து மாதமாகச் சம்பளம் தரவில்லை. கேட்டிருந்தாலும் கையில் இல்லை. அவள் கேட்காததுதான் அறுத்தது.

"போயிடுக்கா. அங்க ஏசி ரூம், நாற்காலி. இங்க கோணி மேல உக்காந்து என்னத்தக் கண்ட?"

"தொரத்துறியா?"

"வழி விடுறேன்."

"ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதாண்டா," என்றாள்.

ஒரு வாரம் நச்சரித்தேன். கடைசியில், "சரி, நீயும் வா" என்று கிளம்பினாள். அவள் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதை மட்டும் இருவரும் பேசவில்லை.

முதலாளி சோதிக்காமல் எதையும் வாங்காதவர். தன் கடைப் புதுத் துண்டாலேயே அக்காவின் கண்ணைக் கட்டினார். விலைச்சீட்டு அவள் மூக்கின் மேல் ஆடியது: நூற்றுப்பத்து. தட்டில் நான்கு அத்தி.

முதலாவது பெரிது, பொன்னிறம். கடித்தாள். "துருக்கி. தோல் மெல்லிசு, உள்ள தேன்."

அடுத்தது சின்னது, வாய் வெடித்தது. "ஈரான். மரத்துலயே காஞ்சது."

மூன்றாவது கறுப்பு. "கலிபோர்னியா. ஸ்பெயின் சாமியாருங்க அங்க கொண்டுபோய் நட்டது."

"சாமியாரா?" என்று முதலாளி ஈரான் அத்தி மாதிரி வாய் பிளந்தார்.

நான்காவது ஆப்கான் சரக்கு. அதை மாலையாகக் கோத்து அனுப்புவார்கள். காசு போலத் தட்டையாக, நடுவில் கயிறு போன துளையோடு இருக்கும். நாக்கே வேண்டாம், விரல் போதும். எங்கள் கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். அக்காவின் கட்டைவிரல் துளையைத் தொட்டது. நின்றது. பிறகு கடித்து, வெகுநேரம் மென்றாள்.

"இதுவும் துருக்கிதான்."

முதலாளி கையிலிருந்த விடைச்சீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சரக்கில் குறை கண்டுபிடித்த வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? "ஒண்ணு தப்பும்மா! நாப்பதுன்னா பேசலாம்."

"வேணாம் முதலாளி. நாலுக்கு ஒண்ணு தப்பா சொல்ற நாக்கு. உங்க மொதலுக்கே மோசம்."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுபதாயிரம் அவளுக்கு. தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தெருவில் இறங்கியதும் கேட்டேன்: "அந்த ஓட்டையில உன் வெரல் போனத நான் பாத்தேன்க்கா."

"பாத்துட்டு ஏண்டா சும்மா நின்ன?"

நான் எங்கள் கடைப் பக்கம் நடையைக் கட்டினேன்.

"அதுக்குத்தான் உன்னையும் கூட்டிட்டுப் போனேன். ஒரு வாரமா போ போங்குற. அந்தப் பேச்சு நெஜச் சரக்கா கலப்படமான்னு பாக்க வேணாமா?"

துண்டு இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்து கணக்குப் பார்த்தேன். துண்டுக்காகத் துணிக்கடைக்குத் தர வேண்டியது நூற்றுப்பத்து: கொடுத்தாயிற்று. அக்காவுக்கு ஐந்து மாதச் சம்பளம், ஓர் எழுபதாயிரம், நான் விழுங்கிய ஒரு வார்த்தை: பாக்கி.