மாவு மூட்டை ஏற்றிப் பார்த்த சக்கரம்

மே மாதம் முழுக்க இமெதாவின் கனவில் சக்கரங்கள்தான் உருண்டன. மலையடிவார ஊரான அல்வானியில், வீட்டில் கண்ணை மூடினால் போதும், அவன் வேன் அபானோ கணவாயின் மேகத்துக்குள் சத்தமில்லாமல் மிதந்து ஏறும். பக்கத்தில் மனைவி பிக்ரியா முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

விழித்தால் கதை வேறு. முதுகெலும்பு முறிந்து தேறியவள் அவள். இரண்டு கோடையாக ஊரே ஆடுகளோடு மலையேற, அவள் மட்டும் கீழே வெயிலில் வெந்தாள். "உச்சியில ஒரு தடவ நின்னுட்டா போதும்யா," என்பாள். அந்தக் கல் பாதையின் குலுக்கலை அவள் முதுகு தாங்காது.

டயர்க் கடை ஓமரியிடம் போனவனுக்கு, பளபளத்த பதினேழு அங்குல வீல் மேலேயே கண்.

"அது கல்யாண ஊர்வலத்துக்கு மாப்ள," என்றான் ஓமரி. "வீல் பெருசானா ரப்பர் ஒல்லியாயிடும். கல்லு நேரா உன் பொண்டாட்டி முதுகுல இடிக்கும். பழைய பதினஞ்சே இருக்கட்டும். ரப்பர உசரமாப் போட்டு, மலையில காத்தக் கொஞ்சம் எறக்கிடு. மெத்ததான்."

"அப்ப இருக்கறதுலயே உசரமானதப் போடு!"

முப்பத்தொரு அங்குல உயர டயர் ஏறியது. இமெதா ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தான். எங்கும் உரசவில்லை. அவன் முகமெல்லாம் பல்.

"மலைக்குக் காலி வண்டியாவா போகப்போற?" ஓமரி எட்டு மாவு மூட்டைகளை ஏற்றினான். தெருவில் போன நாலு தடியர்களையும் கூப்பிட்டு உள்ளே திணித்தான். வேன் தாழ்ந்தது. இப்போது ஒடித்ததும் கர்ரென்று ரப்பர் தகரத்தைக் கடித்தது. அல்வானியில் பாதிப் பேர் செய்கிற தப்பு இது. காலி வண்டியில் பார்த்துவிட்டு, பாரத்தோடு கொண்டை ஊசி வளைவில் போய் மாட்டுவார்கள்.

இமெதா முனகிக்கொண்டே இருபத்தொன்பதுக்கு இறங்கினான்.

ஜூனில் பனி விலகிப் பாதை திறந்தது. காற்று இறக்கிய டயர்கள் கற்களைத் தடவிக்கொண்டே ஏறின. மேகம் கண்ணாடியில் அப்பியது. உச்சியில் இறங்கி ஒரு கோப்பை மது உயர்த்திக் குடிக்காமல் யாரும் கடப்பதில்லை. அங்கிருந்த டிரைவர்கள் கூவி அழைத்தார்கள். இமெதா உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு மெல்ல நகர்ந்தான். பிக்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் அவள் தூங்கி இரண்டு வருஷம்.

மூன்று வளைவு இறங்கியதும் விழித்தாள். "உச்சி எப்ப வரும்?"

"போயாச்சு. நீ தூங்கிட்ட."

"எழுப்பமாட்டியா? இதுக்காய்யா நான் இவ்வளவு நாள் காத்துக் கெடந்தேன்! திருப்பு வண்டிய!"

வளைவில் கொஞ்சம் அகலம் இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் வெள்ளை. உள்ளே எட்டு மூட்டை. இமெதா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தான். ஒரு சத்தமும் இல்லை.

உச்சியில் அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். கைநீட்டினால் கை தெரியாத மேகம்.

"ஒண்ணுமே தெரியலயே பிக்ரியா," என்றான் வருத்தமாக.

"தெரியாட்டி போகட்டும்," என்றாள் அவள், அவன் தோளை விட்டுவிட்டு. "நான் நிக்கிறேன் பாரு."