வலது பக்கம் காட்டிய கை

படகு பவளப்பாறைத் திட்டின் நுழைவாய்க்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வெயில் முகத்துக்கு நேராக இறங்கிவிடும். அதன் பிறகு தண்ணீருக்கு அடியில் கிடப்பது நீலமா பாறையா என்று எப்பேர்ப்பட்டவராலும் சொல்ல முடியாது. வெளியிலேயே நின்று மறுநாள் காலை போகலாமென்றால், பின்னால் கிழக்கே மழைமேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"உள்ளே போயிடலாம். நீ சுக்கானைப் பிடி, நான் முன்னாடி போறேன்" என்றார் கணவர்.

பதினாலு மாதமாக இப்படித்தான். இருபத்தெட்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே தீப்பெட்டி மாதிரி தெரியும் கண்டெய்னரை லாரியின் நான்கு கொக்கியிலும் பிசகாமல் உட்கார வைப்பார். அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். ஊசி குத்தும்போது யாரிடமும் வலிக்காது என்று பொய் சொன்னதில்லை. அவர் திடீரென்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, பழைய பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது, தீவு தீவாகப் போகலாமா என்று கேட்டார். அவள் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். மகள் மட்டும், "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கழண்டுடுச்சா?" என்று கேட்டாள்.

பாய்களை இறக்கிக் கட்டிவிட்டு எஞ்சினை முடுக்கினார்கள். அவர் முன்முனைக்குப் போய், பாய்மரத்துக் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு நின்றார். அலை பாறையில் அறையும் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லாம் கைதான். இடது கை நீட்டினால் இடது, வலது கை நீட்டினால் வலது, இரண்டு கையும் தூக்கினால் நேரே. சுக்கான் பிடிப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. அவர் போட்ட சட்டம் அது. ஒரு தடவை அவள் தயங்கப்போய்ப் படகின் பக்கவாட்டில் நீளமாகக் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அவள் அவர் கையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

வாய் முப்பது மீட்டர் அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கினார். நேரே போனாள். பின்னாலிருந்து வந்த அலை படகைத் தூக்கியது. அந்த உயரத்தில், பார்க்கக் கூடாது என்று நினைத்தும், அவள் பார்த்துவிட்டாள். வலது பக்கம், கல்லெறி தூரத்தில், தண்ணீருக்கடியில் பழுப்பாக ஒரு பெரிய பாறை மண்டை. அதன் மேல் லேசாக நுரை சுழித்தது.

அவர் வலது கையை நீட்டினார்.

வெயில் கூசி ஏமாற்றுகிறதா என்று அவளுக்குச் சந்தேகம். முன்னால் நிற்பவருக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது? சுக்கானை ஒரு விரல் அளவு திருப்பினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை இன்னும் விறைப்பாக நீட்டி, திருப்பு, திருப்பு என்று உதறினார். அடுத்த அலை தூக்கியது. மண்டை இப்போது பக்கத்தில் இருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பாசி கூடத் தெரிந்தது.

அவள் சுக்கானை மார்போடு அணைத்து இடது பக்கமாக ஒடித்தாள்.

அவர் திரும்பிய முகத்தை அவள் பார்த்தாள். அதே நொடி மண்டையின் ஓரம் அடியில் மடேரென்று இடித்தது. அலை படகைத் தூக்கி மறுபடி போட்டது. இரண்டாவது இடியில் அவர் முட்டி மடங்கி விழுந்து, கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். சமையல் மேடையிலிருந்த பாத்திரமெல்லாம் உருண்டன. அவள் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளினாள். உரசிக்கொண்டே போன சத்தத்தில் பல் கூசியது. பிறகு சத்தம் நின்றது. படகு திட்டின் உள்ளே, குளம் போல் அமைதியான நீருக்கு வந்திருந்தது.

அவர் தவழ்ந்து பின்னால் வந்தார். முழங்காலில் ரத்தம்.

"கையைப் பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? படகைக் கொன்னிருப்பே."

அவள் பின்பக்கம் கை காட்டினாள். நீருக்கு மேலே நனைந்து மின்னிய பழுப்பு மண்டை ஒவ்வொரு அலைக்கும் தலை காட்டி மறைந்தது.

"அங்க என்ன தெரியுது உங்களுக்கு?"

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தண்ணி" என்றார்.

கொஞ்ச நாளாக அவர் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, டீசல் முள்ளைப் படிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டது, எல்லாம் அவள் மனதில் வரிசையாக வந்து நின்றன.

"எவ்வளவு நாளா?"

அவர் வாயைத் திறக்குமுன் படகுக்குள்ளிருந்து தண்ணீர் சளக்கென்று அடித்தது. எட்டிப் பார்த்தாள். தரைப்பலகைக்கு மேல் செருப்பு மிதந்தது. படகு சாயாமலிருக்க அடியில் தொங்கும் கனத்த இரும்பு படகோடு சேரும் இடத்தில் கசிவு. கிழக்கிலிருந்து வந்த மேகம் திட்டின் மேலேயே ஏறியிருந்தது.

"பம்பைப் பிடிங்க" என்றாள். "நிறுத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் எதுவும் பேசாதீங்க."

அவர் கீழே இறங்கிக் கைப்பம்பை அடிக்கத் தொடங்கினார். மழை வந்து எல்லாவற்றையும் மூடியது. தீவின் கரை, படகுத்துறை, எதுவும் தெரியவில்லை. மழைக்கு முன் கரையில் கடைசியாகப் பார்த்த வெள்ளைக் கட்டடம் இருந்த திசையைத் திசைகாட்டியில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நடக்கிற வேகத்தில் போனாள். கீழே பம்பின் இழுப்பு சீராகக் கேட்டது. அது நின்றால் என்ன செய்வது என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள். இருபத்தைந்து நிமிஷம் கழித்து மழைக்குள்ளிருந்து படகுத்துறையின் மரத்தூண் ஒன்று வெளிப்பட்டது. படகைக் கட்டிவிட்டு, தானும் பம்பைப் பிடிக்கக் கீழே இறங்கினாள்.

மறுநாள் படகைக் கரையேற்றி, பட்டறைக்காரரிடம் விட்டார்கள். அந்த வெள்ளைக் கட்டடமே மருத்துவமனை. கண் பிரிவின் நடைபாதையில் இரும்பு நாற்காலிகள், சுவரில் சிறிதாகிக்கொண்டே போகும் எழுத்துப் பலகை. நர்ஸ் கொடுத்த படிவத்தை அவள்தான் நிரப்பினாள்.

"எப்போலேருந்துன்னு கேட்டிருக்காங்க."

"மூணு மாசம்னு போடு."

அவள் பேனாவை எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷம்" என்றார். "துறைமுகத்துல வருஷா வருஷம் கண் பார்ப்பாங்க. அந்தத் தடவை டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு. ரிப்போர்ட் மேல போறதுக்குள்ள ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன் போகல?"

"எங்கப்பாவுக்கு அம்பத்தெட்டு வயசுல ரெண்டு கண்ணும் போச்சு. கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனவன் நான். டாக்டர் வாயால அதைக் கேட்கணுமா? கண்ணு போறதுக்குள்ள நாலு தீவைப் பார்த்துடலாம்னு நினைச்சேன்."

"நான் உங்க கையை நம்பிப் படகை ஓட்டினேன். பதினாலு மாசம்."

படிவத்தில் இரண்டு வருஷம் என்று எழுதினாள்.

டாக்டர் அவரைவிடச் சின்னவள். விளக்கை அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தாள். பிறகு, அவர் அப்பாவுக்குக் கண் போன கதையைக் கேட்டுவிட்டு, கண் நரம்பையும் கண்ணின் அழுத்தத்தையும் தனியாகப் பார்த்தாள். "கண்புரைதான். நல்லா முத்தியிருக்கு. வெளிச்சத்துக்கு எதிரே நின்னா ஒண்ணுமே தெரியாது, பழுப்பும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியும். ஒரு கண்ணுக்கு அரை மணி நேர வேலை. நரம்பு நல்லாயிருக்கு, உங்க அப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இல்லை" என்றாள்.

அவர் நாற்காலியிலேயே குனிந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவளுக்கு அவர் முதுகைத் தடவத் தோன்றியது. கை எழவில்லை. அரை மணி நேர வேலைக்காக இரண்டு உயிரைப் பணயம் வைத்திருக்கிறார் என்ற கோபம், அவர் குருடாகப் போவதில்லை என்ற நிம்மதியைவிடப் பெரிதாக இருந்தது. வெளியே வந்ததும் சொல்லிவிட்டாள்.

"ஆபரேஷனுக்கு நான் இருப்பேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்னைத் தேடாதீங்க."

சொன்னபடியே செய்தாள். முதல் கண் முடிந்ததும் பட்டறைக்குப் போய், கரையேறிக் கிடந்த படகிலேயே தங்கினாள். ஈரமான மெத்தையை வெயிலில் போட்டாள். மூன்றாம் நாள் போனபோது அவர் கட்டு இல்லாமல், கறுப்புக் கண்ணாடியோடு வார்டு ஜன்னலருகே நின்றிருந்தார்.

"உன் நெத்தி முடியில இவ்வளவு நரையா?" என்றார்.

"இருந்ததுதான். இங்க வந்தப்புறம் கூடிடுச்சு" என்றாள்.

இரண்டாவது கண்ணும், படகின் அடியும் சரியாக ஒன்பது வாரம் ஆயிற்று. மகள் திரும்பி வரச் சொன்னாள். அவர் எதுவும் சொல்லவில்லை, முடிவை அவளிடமே விட்டிருந்தார். அவள் பட்டறைக்காரரிடம் படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னாள். அன்று காலை முழுக்கப் படகிலேயே உட்கார்ந்து, அவரைத் தூரத்து மிதவைகளின் எண்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொன்றையும் தானும் தொலைநோக்கியில் சரிபார்த்தாள். அவர் சலிக்காமல் படித்தார்.

பதினோரு மணிக்குக் கட்டுக்கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் முன்முனைக்குப் போனார், அவள் சுக்கானைப் பிடித்தாள்.